ஊவாத் தோட்டங்களில் புகையும் சட்டமும்

உண்ணும் உணவைத் தேர்ந்து உண்ணலாம். பருகும் நீரைக் காய்ச்சி வடித்துப் பருகலாம். உயிர்க்கும் காற்றை மட்டும் எவரும் தேர்ந்துகொள்ள இயலாது. குழந்தை தன் முதல் மூச்சை எவ்விடத்தில் இழுக்கின்றதோ, அவ்விடத்துக் காற்றே அதற்கு வாய்த்த காற்றாகும். ஐம்பூதங்களுள் நிலத்துக்கு வேலி உண்டு, நீருக்கு அணை உண்டு. வளிக்கு இவ்விரண்டும் இல்லை. ஆகலின், அதனைக் காக்கும் பொறுப்பைத் தனிமனிதரிடம் விடாது சட்டத்தினிடம் ஒப்படைத்தல் நாகரிக நாடுகளின் வழக்கமாயிற்று. எனினும், சட்டம் இயற்றப்படுதல் ஒன்று. அது காக்கவேண்டியவரைச் சென்றடைதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை, ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட அம்மாகாணத்தில் தேயிலை செழித்திருப்பது பெரும்பாலும் பதுளை மாவட்டத்திலேயே. அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை, தெமோதரை, ஹாலி எல, பசறை, நமுனுகுலை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய ஊர்ப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே தேயிலை மலைச்சரிவுகள் நம் கண்முன் தோன்றும். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இம்மாவட்டத்து மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தமிழர். அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் வழிவந்தோர். ஆடி முதல் புரட்டாதி வரை மலைகளைக் கடந்து வீசும் வறண்ட காற்றினாலே கொழுந்து தனியொரு மணத்தைப் பெறுகின்றது. அம்மணமே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித் தந்தது. காற்றினால் பெயர்பெற்ற இம்மலைநாட்டில், கொழுந்து கொய்வோர் உயிர்க்கும் காற்று எத்தகையது என்னும் வினாவே ஈண்டு நம் முன் நிற்பது.

மலைநாட்டுக் காற்றுத் தூயது என்பது பொதுவான எண்ணம். மலையுச்சியைப் பொறுத்தவரையில் அது பெரிதும் உண்மையே. பள்ளத்தாக்கின் நிலைமை வேறு. பதுளை நகரம் கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் உள்ளது. அதனை நோக்கி நிற்கும் நமுனுகுலை மலையோ 2,000 மீற்றருக்கும் மேற்பட்டது. தோட்டங்களிலும் லயங்கள் பல இத்தகைய மடிப்புக்களிலே அமைந்துள்ளன. குளிர்ந்த இரவுகளில் நிலத்தையொட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தில் தங்குகின்றது. அதன்மேல் வெப்பமான காற்றுப்படை ஒன்று மூடிபோல் அமைகின்றது. அம்மூடியைத் துளைத்துப் புகை மேலேறமாட்டாது. விடியற்காலையில் லயத்தின் கூரைமேல் நீலமாய்ப் படிந்து நிற்பது பனி மட்டுமன்று. அதனுட் பாதி புகை என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

அப்புகை எங்கிருந்து எழுகின்றது? முதலாவது, தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்து மக்கள் அதனை ‘ஸ்டோர்’ என்பர். ஒரு கிலோ தேயிலைத் தூள் பெறுதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சிய எடை பெரும்பாலும் நீரே. அந்நீரை வாட்டியும் உலர்த்தியும் போக்குதற்குச் சூடான காற்று வேண்டும். சூட்டுக்கு நெருப்பு வேண்டும். 1970களில் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் விறகு உலைகளே இத்தொழிலிற் பெரிதும் நிலைபெற்றன. ஈரவிறகை இட்டு எரிக்குங்கால் நெருப்பின் வலியிற் பெரும்பகுதி விறகின் நீரைப் போக்குவதிலேயே செலவாகின்றது. எரிதல் நிறைவுறாமல், கரியும் தாரும் காபனோரொட்சைட்டும் புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன.

இரண்டாவது, அடுப்பு. 2012ஆம் ஆண்டில் இலங்கைக் குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை விறகு கொண்டே சமைத்தன. கிராமத்து அடுக்களை பெரும்பாலும் வீட்டின் புறத்தே, காற்றோட்டமுள்ள இடத்தில் அமையும். பழைய லயத்திலோ ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவும் அதனையொட்டிய ஒரு சிறு வராந்தாவும்தான் ஒரு குடும்பத்தின் வாழ்விடம். உண்பதும் உறங்குவதும் படிப்பதும் சமைப்பதும் ஒரே கூரையின்கீழ் நிகழ்கின்றன. ஒரு காம்பராவின் புகை சுவர்மேலிடைவெளி வழியாக அடுத்த காம்பராவுக்குட் புகுவதும் உண்டு.

மூன்றாவது, குப்பை. நகரத்துத் தெருக்களிற் குப்பை வண்டி வருகின்றது. லயங்கள் பலவற்றுக்கு அது வருவதில்லை. ஆதலின் பொலித்தீன் உட்பட யாவும் லயத்தின் பின்புறத்தே எரிக்கப்படுகின்றன. நான்காவது, தொழிற்சாலையினுள் தேயிலை சலிக்கும் இடத்துப் பறக்கும் பஞ்சு போன்ற தூசி. தேயிலைத் தூசியால் எழும் ஆஸ்துமா நோயைப் பற்றி இலங்கை நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட 1970ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

இந்நால்வகைப் புகையிலும் தூசியிலும் மிகக் கொடியவை கண்ணுக்குத் தோன்றாத நுண்துகள்களாகும். 2.5 மைக்கிரோமீற்றரும் அதனிலும் குறைந்த விட்டமும் உடைய இத்துகள்கள் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கின. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் கடைசி அறைவரை சென்று, குருதியிலும் கலந்து, குழந்தைகட்கு நிமோனியாவையும் முதியோர்க்கு நாட்பட்ட மூச்சுத்தடையையும் இதயநோயையும் பக்கவாதத்தையும் விளைக்கின்றன. வீட்டினுள் எழும் புகையினால் மட்டும் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான கருத்தைக் கூறுவாம். தொழிற்சாலைப் புகையைத் தனியே அளந்தால் அது சட்டத்தின் எல்லைக்குள் இருக்கலாம். அடுப்புப் புகையைத் தனியே நோக்கினால் அது அவரவர் வீட்டுக் காரியம் என்று தோன்றலாம். குப்பைப் புகை அற்பமென்றும், சலிக்குமிடத்துத் தூசி வேலைத்தலத்துப் பிரச்சினையென்றும் தள்ளப்படலாம். சட்டம் இவற்றைத் தனித்தனியே எண்ணுகின்றது. மனிதரின் நுரையீரலோ எல்லாவற்றையும் கூட்டி ஒரே கணக்காக எழுதிக்கொள்கின்றது. பகலிற் சலிக்குமிடத்தில் நின்ற பெண்ணே மாலையில் அடுப்பை ஊதுகின்றாள். அவள் மடியிற் கிடக்கும் குழந்தையே விடியற்காலை ஸ்டோர்ப் புகையையும் உயிர்க்கின்றது. சுமைமேற் சுமை ஏறிய இடத்தையே சட்டம் முதலில் நாடிச் செல்லவேண்டும். நம் நாட்டில் அது இறுதியாகவே அங்குச் சென்று சேர்கின்றது.

இஃது வெறும் ஏட்டுக் கருத்தன்று. இருபதாண்டுகளாக ஊவாவில் ஆசிரியத் தொழில் புரிந்துவரும் யான், மாணவரின் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்துதற்கு வீட்டிற்குக் கொண்டுவருவது வழக்கம். எக்கொப்பி லயத்திலிருந்து வந்ததென்பதைப் பெயரைப் பாராமலே, அதன் புகை மணத்தால் அறிந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் வகுப்பறையின் பின்வரிசைகளிலிருந்து எழும் இருமலும் அவ்வாறே. கொப்பியில் ஏறிய புகையை மூக்கு அறிகின்றது. அதே புகை அக்குழந்தையின் மார்பில் எவ்வளவு ஏறியதென்பதை அறிதற்குக் கருவி இல்லை.

அவ்வாறாயின், இந்நாட்டிற் காற்றைக் காக்கும் சட்டம் இல்லையோ எனின், உண்டு, பல உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1981இல் நிறுவப்பட்டது. 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்னும் முறையைக் கொணர்ந்தது. கழிவை வெளியேற்றும் தொழில் எதுவாயினும், குறித்த நிபந்தனைகட்கு அமைய உரிமம் பெற்றே நடத்தப்படல் வேண்டும். நிபந்தனை மீறப்படின் உரிமம் நிறுத்தப்படலாம், நீக்கப்படலாம். தொழில்கள் மூன்று பட்டியல்களாக வகுக்கப்பட்டு, சிறு தொழில்களுக்கான உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம் விடப்பட்டது. 1994இல் புறவெளிக் காற்றின் தரம் பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. 2008இல் அவை திருத்தப்பட்டபோது, நுண்துகளின் அளவு ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 25 மைக்கிரோகிராமுக்கும், 24 மணிநேரச் சராசரியாக 50 மைக்கிரோகிராமுக்கும் மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021இற் பரிந்துரைத்த அளவுகள் முறையே 5உம் 15உம் ஆகும். 2019 யூன் மாதத்தில், கொதிகலன், உலை முதலிய நிலையான மூலங்களின் புகைவெளியேற்றத்துக்கும் தனி ஒழுங்குவிதிகள் பிறந்தன.

இவையன்றி, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ், பொதுத்தொல்லையை அகற்றுமாறு கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடும் வழியும் உண்டு. இத்துணைச் சட்டங்களிருந்தும், லயத்துக் கூரைமேற் புகை நிற்பானேன்? ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று கூறி நின்றுவிடுதல் எளிது. எவ்விடத்தில் அஃது உதவாமற் போகின்றதென ஆராய்தலே பயனுடைத்து.

முதற் காரணம், இவ்வாயில்கள் யாவும் பெரும்பாலும் முறைப்பாட்டினாலே திறப்பன. உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் அதிகாரிகள் வந்து பரிசோதிப்பதுண்டு, அதனை மறுத்தற்கில்லை. ஆனால் இடைப்பட்ட நாட்களில் அவர்களை வரவழைப்பது அயலவரின் முறைப்பாடே. நகரத்தில், தொழிற்சாலைக்கு அயலிலுள்ளவன் தன் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, வேறோரிடத்தில் தொழில் புரிபவன். அவன் அஞ்சாது முறையிடலாம். தோட்டத்திலோ புகையை எழுப்பும் நிருவாகமே முறையிடவேண்டியவனுக்கு வேலை தருவதும், அவன் குடியிருக்கும் கூரையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதும் ஆகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்டோர்ப் புகை பற்றி ஒரு விண்ணப்பம் எழுதலாமென்று என் மாணவர் ஒருவரின் தந்தையிடம் கூறினேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, “கையெழுத்துப் போடப் பயமில்லீங்க சேர். போட்ட பொறகு, நான் இருக்கிற காம்பரா யாருதுங்க?” என்று கேட்டார். சட்டக்கோவைகளில் யான் அதற்கு விடை கண்டிலேன். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பர். ஏழையின் சொல் அம்பலம் ஏறாமைக்கு, அவன் குரல் தாழ்ந்ததன்று காரணம். ஏறும் படியே பிறர் நிலத்தில் இருப்பதாகும்.

இரண்டாவது காரணம், உள்ளூராட்சி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் நிதியைச் செலவிடுதற்குத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் அச்சபைகளுக்கு வாக்களித்தனர். குப்பை வண்டியோ அவர்களிடம் வரவில்லை. 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கிற்று. ஆயினும் முப்பதாண்டுகளாகச் செல்லாத வண்டிக்குப் புதிய பாதையைச் சட்டத் திருத்தம் மட்டும் வெட்டித் தந்துவிடாது. இதற்கும் முன்னே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை படிப்படியாகவே குடியுரிமையை மீளப் பெற்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அரசினிடம் முறையிடும் பழக்கம் ஒரு தலைமுறையில் வளர்ந்துவிடுவதன்று.

மூன்றாவது காரணம், அளவீடு. மேற்கூறிய காற்றுத் தர அளவைகள் புறவெளிக் காற்றுக்கு உரியன. அடுப்பருகே நிற்கும் காற்றுக்கு உரியன அல்ல. அன்றியும், கருவி எங்கிருக்கின்றதோ அங்குள்ள துன்பமே அரசின் கண்ணுக்குப் புலனாகும். 2022 டிசெம்பரில், வங்கக் கடலிற் புயற்சின்னம் நிலவிய நாட்களில், கடல் கடந்து வந்த மாசினால் இலங்கையின் பல நகரங்களிற் காற்றின் தரம் கெட்டது. கருவிகள் அதனைக் காட்டின. டிசெம்பர் 9ஆம் நாள் பாடசாலைகள் மூடப்பட்டன. அது தக்கதோர் செயலே. ஆயின் அன்று ஒருநாள் நகரத்துப் பிள்ளைகள் உயிர்த்தற்கு அஞ்சியது போன்ற காற்றை, லயத்துப் பிள்ளைகள் அடுப்பெரியும் வேளைதோறும் உயிர்க்கின்றனர். அடுப்பங்கரையிற் கருவி இல்லாமையால் அதற்கு ஒரு விடுமுறையும் இல்லை.

இத்தகைய நிலையினின்று ஏனைய நாடுகள் எவ்வாறு வழி கண்டன என்பதை ஒருசிறிது நோக்குதல் நன்று. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதியிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் முதலிய ஊர்களிற் சோடா தயாரிக்கும் ஆலைகள் ஐதரோகுளோரிக் அமில ஆவியை வானிற் கக்கின. பயிரும் மரமும் கருகின. வழக்குத் தொடுத்தலே அன்றிருந்த பரிகாரம். பெருநிலக்கிழார் வழக்காடினர்; ஆலைத் தொழிலாளர் வாளாவிருந்தனர். பல புகைபோக்கிகள் நெருங்கி நின்ற ஊரில், எதன் புகை எவரைக் கெடுத்ததென மெய்ப்பித்தலும் அரிதாயிற்று. ஈற்றில் 1863இற் பாராளுமன்றம் காரத்தொழிற் சட்டத்தை நிறைவேற்றி, அமில ஆவியில் நூற்றுக்கு 95 பங்கினை ஆலையினுள்ளேயே அடக்குதல் வேண்டுமென விதித்தது. அதனை நேரிற் சென்று அளந்து பார்ப்பதற்கு அரசின் பரிசோதகரையும் ஏற்படுத்தியது. முதற் பரிசோதகரான இரசாயன அறிஞர் றொபேட் அங்கஸ் சிமித் 1864இற் பணியேற்றார். முறைப்பாட்டுக்குக் காத்திராமல் அளவுகருவியுடன் அரசே செல்லும் முறை அன்று வேரூன்றியது. அதுவே நமக்குரிய முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இலண்டனிலிருந்து கிடைப்பது. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை நகரை மூடிய புகைமூட்டத்தினால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என முதலிற் கணிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அத்தொகையை மேலும் உயர்த்தின. அப்புகையின் பெரும்பகுதி வீட்டு அடுப்புகளின் நிலக்கரியிலிருந்து எழுந்தது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் முதன்முறையாகச் சட்டத்தை வீட்டு அடுப்புவரை கொண்டுசென்றது. ஆனால் தண்டத்தை மட்டும் ஏந்திச் செல்லவில்லை. புகைக்கட்டுப்பாட்டுப் பிரதேசங்களில் அடுப்பை மாற்றியமைக்கும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளூராட்சி மன்றம் குடியிருப்போருக்குத் திருப்பித் தரவேண்டுமென அச்சட்டம் விதித்தது. ஏழையின் அடுப்பைத் திருத்தவேண்டுமாயின், அதன் செலவையும் சமுதாயம் பங்கிடல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

மூன்றாவது பாடம் அண்மைக் காலத்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் 2020இல் நிறைவேற்றிய சட்டமொன்று, ‘சுமை மிகுந்த சமுதாயங்கள்’ எவையென வரையறுத்தது. ஒரு குடியிருப்புப் பகுதியில் 35 வீதத்தினர் குறைந்த வருமானக் குடும்பங்களாயினும், 40 வீதத்தினர் சிறுபான்மை இனத்தவராயினும், 40 வீதக் குடும்பங்கள் ஆங்கிலத்திற் போதிய பயிற்சி அற்றனவாயினும் அப்பகுதி இவ்வரையறைக்குள் அடங்கும். அங்கே புதிய புகைபோக்கிக்கு உரிமம் கேட்டால், அதன் புகையை மட்டும் நோக்காது, ஏற்கெனவே அங்குள்ள சுமைகளையும் கூட்டிப் பார்த்தே உரிமம் வழங்குவதா மறுப்பதா எனத் தீர்மானிக்கப்படும். நுரையீரல் எழுதும் கணக்கையே சட்டமும் எழுதத் தொடங்கிற்று என்னலாம். மொழியறியாமையும் ஒரு சுமையாக எண்ணப்பட்டமை நாம் குறித்துக்கொள்ளத்தக்கது. மத்திய அரசில் இந்நோக்குக்காக 1994இற் பிறந்த சனாதிபதிக் கட்டளை 2025 சனவரியில் நீக்கப்பட்டது. மாநிலச் சட்டமோ அக்கட்டளையைச் சாராதது. நிருவாகக் கட்டளையினும் சட்டம் உறுதியானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நமது நாட்டிலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. பிரித்தானியர் ஆட்சியிலேயே, 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் நோய்கள் கட்டளைச்சட்டம் லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. மருத்துவ அதிகாரிகள் தோட்டத்துட் சென்று பரிசோதிக்கவும் வழிசெய்யப்பட்டது. அது தொழிலாளர்மேற் கொண்ட அன்பினால் மட்டும் பிறந்ததன்று. கொழுந்து பறிக்கும் கைகள் குன்றக்கூடாதென்னும் கணக்கும் அதிலிருந்தது. எனினும், லயத்தின் நலம் அங்குக் குடியிருப்போனின் முறைப்பாட்டைச் சாராது, நிருவாகத்தின் கடமையாதல் வேண்டும் என்னும் கொள்கை நூறாண்டுக்கு முன்னரே இம்மலைகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வழக்கும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அங்கு அனல்மின் நிலையமொன்றன் எண்ணெய்க் கழிவினாற் கிணற்றுநீர் மாசடைந்தமை தொடர்பான வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரிலில் அந்நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியோனே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்னும் கொள்கை அத்தீர்ப்பில் உறுதிபெற்றது. வழக்கைத் தொடுத்தவர் கிணற்றுச் சொந்தக்காரர் அல்லர். பொதுநலம் கருதிய ஒரு சூழலியலாளர். துன்புறுவோன் வாய்திறக்க இயலாதவிடத்துப் பிறர் அவனுக்காக வாய்திறக்கலாம் என்பதை அவ்வழக்கு நமக்கு உணர்த்துகின்றது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். தேயிலைத் தொழில் ஏற்கெனவே நலிந்துள்ளது. புகைச் சட்டத்தைக் கடுமையாக்கித் தொழிற்சாலையை மூடினால், புகை நீங்கும், கூடவே சம்பளமும் நீங்கும். அதனால் தொழிலாளிக்கு என்ன பயன்? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. பசியும் ஒரு சுமையே. ஆனால் சட்டத்தை நிறைவேற்றுதல் என்பது ஆலையை மூடுதல் என்று பொருள்படாது. விறகைப் பிளந்து, கூரையின்கீழ் மாதக்கணக்கில் உலர்த்தி எரித்தால் புகையும் குறையும், விறகுச் செலவும் குறையும். உலைக்குக் காற்றுச் செல்லும் வழியைச் சீர்செய்தல், புகைபோக்கியைத் தக்க உயரத்திற்கு எழுப்புதல், சாம்பற்றுகளைச் சுழற்றி வீழ்த்தும் கருவியைப் பொருத்துதல் ஆகிய இவை யாவும் அறியப்பட்ட முறைகளே. இங்கிலாந்தின் கார ஆலைகள் 1863இன் பின் அழிந்துவிடவில்லை. வீணே வானில் விட்ட ஆவியை அடக்கி அமிலமாக்கி விற்கவும் கற்றுக்கொண்டன. அடுப்பைப் பொறுத்தமட்டிலும் அவ்வாறே. ‘அனகி’ என்னும் இருவாய் மண்ணடுப்பு 1980கள் தொட்டு நம் நாட்டிற் பரவி, விறகை மிச்சப்படுத்துகின்றது. அத்துடன் புகை கூரைக்கு மேலே செல்ல ஒரு புகைக்கூடும் அமைந்தால் பயன் பன்மடங்காகும். ஆனால் தனதல்லாத காம்பராவின் கூரையைத் துளைத்துப் புகைக்கூடு அமைத்தற்குக் குடியிருப்போனுக்கு உரிமை இல்லை. ஆகவே, கூரைக்கு உரியோரும் அரசும் அச்செலவைப் பங்கிட்டு ஏற்றலே முறை.

இதுகாறும் கூறியவற்றால் நாம் பெறும் முடிபுகள் நான்கு. முதலாவது, சுற்றாடல் அதிகாரிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் முறைப்பாட்டை எதிர்பாராது, குறித்த காலந்தோறும் தோட்டங்கட்குச் சென்று, புகைபோக்கியின் வாயில் மட்டுமன்றி லயத்தின் வாசலிலும் காற்றை அளத்தல் வேண்டும். இரண்டாவது, உரிமம் வழங்குங்கால் ஓர் உலையின் புகையைத் தனித்து நோக்காது, அயலிலுள்ள லயங்களின் சுமை முழுவதையும் கூட்டி நோக்குதல் வேண்டும். மூன்றாவது, உரிம நிபந்தனைகளும் அளவீட்டு முடிவுகளும் தமிழில் எழுதப்பட்டு, பிரட்டுக் களத்தில் யாவரும் காணத் தொங்கவிடப்படல் வேண்டும். தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் சில 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆதலின் இது சலுகையன்று, உரிமை. நான்காவது, லயத்து அடுப்புக்குப் புகைக்கூடும், லயத்துக் குப்பைக்கு வண்டியும் தருதல், 2018இன் பின்னர் பிரதேச சபைகளின் வரவு செலவுத் திட்டத்துள் இடம்பெறவேண்டிய செலவாகும்.

அரசு இவற்றைச் செய்யும்வரை படித்தோர் கைகட்டியிருத்தல் தகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஒரு தொழிற்சாலையின் உரிம நிபந்தனைகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் எக்குடிமகனும் கேட்டுப் பெறலாம். கேட்பவன் அத்தோட்டத்திற் குடியிருக்கவேண்டுமென்பதில்லை, காரணம் கூறவேண்டுமென்பதுமில்லை. காம்பராவை இழக்கும் அச்சமின்றிக் கையெழுத்திடக்கூடியோர் ஆசிரியர், பழைய மாணவர், சட்டம் பயிலும் இளைஞர் ஆகிய நாமே. தோட்டப் பாடசாலையிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்து, அலுவலகங்களில் அமர்ந்திருப்போர் இன்று பலர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பம் எழுதினாலே போதும். லயத்தில் வாழ்வோன் எழுத அஞ்சிய கடிதம் உரியவரிடம் சென்று சேர்ந்துவிடும்.

அன்று அத்தந்தை கேட்ட வினாவுக்கு யான் விடை கூறவில்லை. ஆனால் விண்ணப்பத்தை யானே எழுதி, என் பெயரிலேயே கையெழுத்திட்டு அனுப்பினேன். புகை முற்றாக நீங்கிவிட்டதென்று கூறமாட்டேன். ஒருநாள் அதிகாரிகள் இருவர் வந்து பார்த்துச் சென்றனர். பின்னர் விறகைக் குவிக்குமிடத்துக்கு ஒரு கூரை எழுந்தது. அவ்வாண்டு மாரிகாலத்திலும் கொப்பிகள் புகைமணத்துடனேயே வந்தன. ஏனெனில் அடுப்பு இன்னும் மாறவில்லை. நான்கு சுமைகளுள் ஒன்றில் ஒரு சிறிது குறைந்தது. எஞ்சியவற்றை இறக்கும் பணி நம்மை நோக்கி நிற்கின்றது.